அம்மைக்கு கால்ல ரத்தக்கட்டி, டெஸ்ட்ல கால்சியம் கூட இருக்குங்காவ, ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

முக்கூடல்காரன்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா எழுதுதேன், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவிய சொல்லுங்க. எங்கம்மைக்கு 56 வயசு, முப்பது வருஷமா பீடி சுத்துதா, வீட்டு வேலைய முடிச்சிட்டு சொளவ மடில வச்சு உக்காந்தான்னா மத்தியான சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பா, கடைல கணக்கு ஒப்படைக்கிற அன்னைக்கு அந்தச் சாப்பாடும் கெடையாது. போன மாசம் கடைசில இடது கெண்டைக்கால் வலிக்குன்னா, சுளுக்கா இருக்கும்னு சித்தி எண்ணெய் போட்டு நல்லா நீவி விட்டுட்டாவ, மறுநா வெள்ளன பாத்தா தொடை வரைக்கும் வீங்கி பளபளன்னு நிக்கி. பாளையங்கோட்டைல ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு உள்ள இருக்க பெரிய ரத்தக்குழாய்ல கட்டி, டிவிடின்னு சொன்னாவ. வயித்துல போடுற ஊசி ஒரு வாரம் போட்டாவ, இப்ப ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, அது சரியா வேலை செய்யுதான்னு பாக்க வாரா வாரம் ஐஎன்ஆர் டெஸ்ட்.

இது வரைக்கும் எனக்கு புரியுது. அட்மிஷன்ல எடுத்த ரத்தத்துல கால்சியம் 11.9, அல்புமின் 3.6ன்னு வந்திருக்கு. உடனே பிடிஎச்னு ஒரு ஹார்மோன் டெஸ்ட் எழுதுனாவ, அது 186. வைட்டமின் டி 14. "கழுத்துல பாராதைராய்டுன்னு ஒரு சுரப்பி உண்டு, அதுல கட்டி இருக்கும் போல, ஹார்மோன் டாக்டர பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டுட்டாவ. அவியளயும் குத்தம் சொல்ல முடியாது, வெளில அவ்ளோ கூட்டம்.

எனக்கு தெரியவேண்டியது இதுதான், இந்தக் கால்சியத்தாலதான் கால்ல ரத்தம் உறைஞ்சுதா? அப்படின்னா கால்சியத்த கொறச்சா கட்டி கரைஞ்சிருமா? எங்க ஆச்சி என்னடான்னா வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புதான் ஏறிப்போச்சுன்னு நிக்கா, பெரியப்பா பால், தயிர், முட்டை எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்லுதாவ. அம்மைக்கு ரெண்டு வருஷம் முன்ன சிறுநீரகக் கல்லு வந்து வாழைத்தண்டு சாறும் மாத்திரையுமா ஓட்டுனோம். மூட்டுவலிக்கு ஒரு வருஷமா கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டு. பிரஷர் மாத்திரையும் உண்டு. எப்பவும் சடவா இருக்குன்னு படுத்துக்கிடுதா, ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்குப் போறா, வெளிக்குப் போகாது, வச்ச சாமான் எங்கன்னு மறந்துருதா. வயசாகுதுல்லான்னு நாங்களும் விட்டுட்டோம்.

அனுபவஸ்தன்

தம்பி கால்சியம்னா என்ன, சுண்ணாம்புதான. சுண்ணாம்பு சேந்தா எதுவும் இறுகத்தான செய்யும், செவத்துல பூசுனா தெரியாதா. பாலை மொதல்ல நிறுத்துங்க, கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெத்திலி கருவாடு எல்லாம் கால்சியம்தான். எங்க மச்சானுக்கு இப்படித்தான் ரத்தம் கெட்டியாகி பூண்டு பாலா காச்சிக் குடிச்சு சரியாச்சு.

லேப் அண்ணாச்சி

அனுபவஸ்தன் அண்ணாச்சி, பாலை நிறுத்துங்கிய, அதே மூச்சுல பூண்டு பால் குடிங்கிய, எதைக் கேக்க?

தம்பி, நான் டாக்டர் இல்ல, இருபத்தி ரெண்டு வருஷமா லேப்ல ரத்தம் எடுக்கேன், எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுதேன். ரத்தம் உறையிறதுக்கு கால்சியம் வேணும்ங்கது நெசந்தான், உறைதல் காரணிகள்னு ரோமன் எண் போட்டு ஒரு வரிசை உண்டு, அதுல நாலாவது காரணியே கால்சியம்தான். எங்க பொழப்பே அதுல ஓடுது. ஊதா மூடி டியூப்புல ஈடிடிஏன்னு ஒரு உப்பு இருக்கும், நீல மூடில சிட்ரேட் இருக்கும், ரெண்டும் ரத்தத்துல இருக்க கால்சியத்த கவ்விப் பிடிச்சுக்கிடும், அதனாலதான் அந்த டியூப்புல எடுத்த ரத்தம் மணிக்கணக்கா தண்ணியாவே கெடக்கு. உங்கம்மைக்கு வாரா வாரம் ஐஎன்ஆருக்கு எடுக்கிறது அந்த நீல மூடிதான், அதை மெஷின்ல வச்சு நாங்களே மறுபடி கால்சியத்த சேத்து எத்தன செகண்டுல உறையுதுன்னு பாப்போம்.

இதைக் கேட்டுட்டுத்தான் ஜனங்க கால்சியம் கூடுனா ரத்தம் உறைஞ்சிரும்னு நெனைக்கிது. அப்படி கெடையாது. தோசைக்கு உப்பு ஒரு சிட்டிகை வேணும், போடலன்னா சப்புன்னு இருக்கும், அதுக்காக ரெண்டு கை உப்பு போட்டா தோசை ரெண்டு மடங்கு வேகவா செய்யும்? உறையிறதுக்கு வேண்டிய கால்சியம் எல்லார் ரத்தத்துலயும் தேவைக்கு மேலயே இருக்கு. அப்புறம் கால்ல இருக்க கட்டி சுண்ணாம்புக் கட்டி இல்ல, அது ஃபைப்ரின்னு ஒரு நார், வலை மாதிரி பின்னி அதுல சிவப்பணு சிக்கிக் கெடக்கு. கால்சியத்த கொறச்சா அது கரையாது. உடம்பு தானே பைய பையத்தான் அதைக் கரைக்கும், மேல வளராம, பிச்சிட்டு நுரையீரலுக்கு ஓடாம பாத்துக்கிடத்தான் அசிட்ரோம்.

அந்த அசிட்ரோம் வேலை செய்யிறதும் கால்சியத்தோட சம்பந்தப்பட்டதுதான், அது கேக்க நல்லாருக்கும். 2, 7, 9, 10னு நாலு காரணிக்கு வைட்டமின் கே ஒரு கொக்கி மாட்டி விடும், கால்சியத்த பிடிக்கிற கொக்கி. அசிட்ரோம் அந்தக் கொக்கிய மாட்ட விடாது. கால்சியம் பக்கத்துலயே நின்னாலும் பிடிக்க கை இல்ல. அதனால முருங்கைக்கீரைய அண்ணாச்சி சொன்ன கால்சியத்துக்காக இல்ல, வைட்டமின் கே-க்காகத்தான் பாக்கணும், நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒண்ணுமில்லன்னு ஏத்தி இறக்காம ஒரே அளவா சாப்பிடச் சொல்லுங்க, இல்லன்னா ஐஎன்ஆர் ஊஞ்சல் ஆடும்.

இன்னொண்ணு, 11.9ங்கத அப்படியே எடுக்கக்கூடாது. ரத்தத்துல கால்சியம் நூத்துல நாப்பது பங்கு போல புரதத்துல, முக்கியமா அல்புமின்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், அல்புமின் கொறஞ்சா கால்சியமும் கொறச்சு காட்டும். 4ல இருந்து அல்புமின கழிச்சு 0.8ஆல பெருக்கி கூட்டணும், உங்கம்மைக்கு 0.4 இன்ட்டு 0.8, 0.32, ஆக 12.2 வருது. எங்க லேப்ல மேல் எல்லை 10.5. கையில ரப்பர் பட்டைய ரொம்ப நேரம் இறுக்கி வச்சு எடுத்தாலும் கால்சியம் கொஞ்சம் தூக்கிக் காட்டும், அதுனால மறுபடி ஒருக்கா எடுக்கச் சொன்னா செலவுக்குன்னு நெனைக்காதிய. ஆனா ரப்பர் பட்டை 12.2க்கு தூக்காது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டா சொல்லிருங்க, சில மெஷின்ல பிடிஎச்ச கொறச்சு காட்டிரும்.

பாபநாசத்து அக்கா

எய்யா முக்கூடல் தம்பி, நான் நர்ஸ், ஹார்மோன் வார்டுல ஒம்பது வருஷம் இருந்தவ. மொதல்ல ஒண்ணு, காலை இனிமே யாரும் நீவக்கூடாது. சித்தி பாசத்துல செஞ்சிருப்பாவ, அவிய மேல கோவப்படாத, ஆனா கட்டி இருக்க காலை அமுக்கி விட்டா அது பிச்சிட்டு நுரையீரலுக்குப் போவ வாய்ப்பு இருக்கு. திடீர்னு மூச்சு வாங்குச்சு, நெஞ்சு வலிக்கு, இருமல்ல ரத்தம்னா ராத்திரி ரெண்டு மணின்னாலும் வண்டியப் பிடி. மூட்டுவலிக்குன்னு மெடிக்கல்ல போய் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடவும் விடாத, அசிட்ரோமோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வந்துரும்.

இப்ப பிடிஎச், அது பாராதைராய்டு சுரக்கிற ஹார்மோன். இதை நம்ம ஊரு மாதிரியே சொல்லுதேன். உடம்புல இருக்க கால்சியத்துல நூத்துல 99 பங்கு எலும்புலதான் இருக்கு, அதுதான் அணை. ரத்தம் கால்வாய். கழுத்துல தைராய்டுக்குப் பின்னால பச்சரிசி பருமன்ல நாலு சுரப்பி இருக்கு, அதுதான் மடைக்காரர். கால்வாய்ல தண்ணி கொறஞ்சா மடையத் தெறப்பாரு, அதாவது பிடிஎச்ச கூட்டி எலும்புல இருந்து கால்சியத்த இறக்குவாரு, கிட்னி வழியா வீணாப் போறத தடுப்பாரு, வைட்டமின் டிய முடுக்கி விட்டு குடல்ல இருந்தும் இழுப்பாரு. தண்ணி நெறஞ்சா மடைய அடைச்சிட்டு துண்ட விரிச்சு படுத்துக்கிடுவாரு. இதுதான் மொறை.

உங்கம்மைக்கு கால்வாய் கரைய ஒடச்சுக்கிட்டு போவுது, 12.2. அப்ப மடைக்காரர் தூங்கணும், பிடிஎச் கீழ எறங்கி இருக்கணும். ஆனா 186, சாதாரணமா 15ல இருந்து 65தான். வெள்ளத்துலயும் மடையத் தெறந்துக்கிட்டே நிக்காரு, ஆளுக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு. நாலு சுரப்பில ஒண்ணு சாதாரண கட்டியா வளந்துருச்சுன்னு அர்த்தம், பத்து பேர்ல எட்டு பேருக்கு மேல அந்த ஒத்தக் கட்டிதான், புத்துநோயா இருக்கது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

ஆச்சி சொன்ன சுண்ணாம்பையும் சும்மா சிரிச்சுத் தள்ளிராத. வெத்தலைக்கு நெறைய சுண்ணாம்பு தடவித் தின்னு கால்சியம் ஏறுனவிய உண்டு, வைட்டமின் டி பாக்கெட்ட வாரம் ஒண்ணுங்கத தினம் ஒண்ணுன்னு தப்பா புரிஞ்சு சாப்ட்டு ஏறுனவிய அதைவிட நெறைய உண்டு, நானே பாத்திருக்கேன். ஆனா அங்கல்லாம் தண்ணி வெளில இருந்து வந்தது, அதனால மடைக்காரர் மடைய அடைச்சிட்டு தூங்குவாரு, பிடிஎச் கீழ கெடக்கும். உங்கம்மைக்கு அப்படி இல்ல. வைட்டமின் டி 14ங்கதும் அதையே சொல்லுது, பாக்கெட்டு கூடிப் போயிருந்தா 14 எப்படி இருக்கும்.

இன்னொரு விஷயம் சொல்லுதேன், பயப்படாத. கால்ல காரணம் இல்லாம ரத்தம் உறைஞ்சு, கூடவே கால்சியமும் ஏறியிருந்தா ஒரு டாக்டருக்கு மனசுல மொதல்ல வாறது புத்துநோய்தான். நுரையீரல், மார்பு, எலும்பு மஜ்ஜை புத்துநோய் எல்லாம் கால்சியத்த ஏத்தும், புத்துநோய் தன்னால ரத்தத்த உறையவும் வைக்கும், ஒரே கல்லுல ரெண்டு. அங்கயும் பிடிஎச் கீழதான் இருக்கும். உங்க டாக்டர் அவ்ளோ கூட்டத்துலயும் மொதல் காரியமா பிடிஎச் எழுதுனது இதுக்காகத்தான். அது 186ன்னு வந்ததும் அவிய மனசுல பாதி பாரம் எறங்கியிருக்கும். வெளக்கிச் சொல்ல நேரம் இல்ல, ஆனா செய்ய வேண்டியத செஞ்சிருக்காவ.

முக்கூடல்காரன்

அக்கா அந்தப் புத்துநோய் விஷயத்த படிச்சதும் கை நடுங்கிட்டு, அப்புறம் மீதிய படிச்ச பொறவுதான் மூச்சு வந்துச்சு. ஒரு சந்தேகம், வைட்டமின் டி கொறைவா இருந்தா பிடிஎச் ஏறும்னு கூகிள்ல பாத்தேன், அப்ப டி கொறைஞ்சதாலதான் 186ஆ? லேப் அண்ணாச்சி சொன்ன மாதிரி கால்சியம் ரத்தத்த உறைய வைக்காதுன்னா, கால்ல ஏன் வந்துச்சு?

பாபநாசத்து அக்கா

டி கொறைஞ்சா பிடிஎச் ஏறும், ஆனா அது கால்வாய் வத்திப் போச்சுன்னு மடையத் தெறக்கது, அங்க கால்சியம் கொறைவாவோ சரியாவோதான் இருக்கும், 12 இருக்காது. உங்கம்மைக்கு ரெண்டும் சேந்து இருக்கு, நம்ம ஊர்ல இது சகஜம், டி கொறைவு 186ஐ இன்னும் கொஞ்சம் தூக்கி விட்டிருக்கும். அந்த டிய சரி பண்ணணும், ஆனா டாக்டர் கணக்குப் போட்டு பையத்தான் குடுப்பாவ, நீங்களா பாக்கெட்டு வாங்கிக் குடுக்காதிய. கால்சியம் மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டு நிறுத்திருங்க. பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுல கால்சியத்த ரொம்ப கொறச்சா மடைக்காரர் இன்னும் வெறியா எலும்ப அரிப்பாரு, எப்பவும் போல ஒரு தம்ளர் பாலு, மோரு குடிக்கட்டும்.

பிரஷர் மாத்திரை என்னன்னு அட்டைய பாரு. சில மாத்திரை பேருக்குப் பின்னால எச்னு ஒரு எழுத்து இருக்கும், ஹைட்ரோகுளோரோதயாசைடு, இல்லன்னா குளோர்தாலிடோன்னு போட்டிருக்கும், ஒண்ணுக்குப் போக வைக்கிற மருந்து. அது கிட்னில கால்சியத்த வெளிய விடாம பிடிச்சு வைக்கும். அதை மாத்திட்டு மறுபடி கால்சியம் பாப்பாவ.

காலுக்கு ஏன் வந்துச்சுன்னா, ரத்தம் உறைய மூணு வழி உண்டு, ஓட்டம் கொறையிறது, குழாய்ச் செவத்துல அடி, ரத்தமே கெட்டிப்படுறது. 1856லயே விர்ச்சோன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சதுதான், இன்னைக்கும் வார்டுல அதை வச்சுதான் பாப்போம். உங்கம்மை கால மடக்கி ஆறு மணி நேரம் உக்காருதா, ஓட்டம் போச்சு. இடது கால்ல வாறதுதான் அதிகம், ஏன்னா இடுப்புக்கிட்ட இடது கால் சிரைய வலது கால் தமனி மேல ஏறி அமுக்கிக்கிட்டு போகும், படைப்புலயே அப்படி. மூணாவதுலதான் கால்சியம் வருது. கால்சியம் கூடுனா கிட்னிக்கு தண்ணிய இழுத்துப் பிடிக்கிற பலம் போயிரும், ஒண்ணுக்கா போய்க்கிட்டே இருக்கும், உடம்பு காஞ்சு போவும். ராத்திரி நாலு தடவன்னு சொன்னியே, அது வயசு இல்ல. பீடி சுத்துற பிள்ளைய எந்திரிக்கணுமேன்னு தண்ணி குடிக்கிறதையே கொறச்சிரும், எனக்குத் தெரியும், எங்கம்மையும் பீடிதான். உள்ள போறதும் கம்மி, வெளிய போறது கூட, இதுல சொளவ விட்டு எந்திரிக்கவும் மாட்டா. கால்சியம் நேரா போய் உறைய வச்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன், உறையிறதுக்கு தோதா எடத்த காய வச்சுக் குடுத்துச்சுன்னு வேணா சொல்லலாம்.

பாராதைராய்டு கட்டி இருக்கவங்களுக்கு கால்லயும் மூளை சிரைலயும் ரத்தம் உறைஞ்சதா டாக்டர்மாரு தனித்தனி கேஸா எழுதியிருக்காவ. ஆனா பாராதைராய்டு கட்டிய எடுக்கிற ஆப்பரேஷன் யாருக்கு பண்ணணும்னு ஒரு வரையறை உண்டு, கால்சியம் மேல் எல்லைய விட 1க்கு மேல கூட இருக்கணும், இல்ல எலும்பு தேஞ்சிருக்கணும், கிட்னில கல்லு இருக்கணும், கிட்னி வேலை கொறைஞ்சிருக்கணும், 50 வயசுக்குக் கீழ இருக்கணும். அந்த வரிசைல ரத்தக்கட்டி கெடையாது. உங்கம்மைக்கு கால்சியம் 1.7 கூட, கல்லும் வந்திருக்கு, அந்த ரெண்டு காரணத்துக்காக ஆப்பரேஷன் சொல்லுவாவ, காலுக்காக இல்ல. இதைப் பண்ணிட்டா இனிமே கால்ல வரவே வராதுன்னு நெனச்சுக்கிட்டு அசிட்ரோம நிறுத்திறக்கூடாது பாத்துக்க, அதுக்குத்தான் இவ்ளோ நீட்டி சொல்லுதேன்.

தென்காசிக்காரி

நான் இந்த ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவ தம்பி, நாலு வருஷம் ஆச்சு, எனக்கு அப்ப 47. எனக்கு கால்ல எல்லாம் ஒண்ணும் வரல, கல்லு ரெண்டு தடவ, அப்புறம் வாசப்படில கால் வழுக்கி லேசா கைய ஊனுனதுக்கு மணிக்கட்டு முறிஞ்சு போச்சு, அப்பதான் எலும்பு டாக்டர் இது என்ன இப்படி முறியுதுன்னு கால்சியம் பாக்கச் சொன்னாவ. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் நான் பட்டது சொன்னா நம்ப மாட்டிய, காரணமே இல்லாம அழுவேன், எந்நேரமும் சடவு, எங்க மாமியா நான் வேலைக்கு டிமிக்கி குடுக்கேன்னு ஊர் பூரா சொல்லிட்டு திரிஞ்சாவ, எங்க வீட்டுக்காரவுக கோயில் கோயிலா கூட்டிட்டு போனாவ. கல்லு வந்தப்ப எடுத்த ரிப்போர்ட்ட பொறவு தேடி எடுத்து பாத்தா அதுலயே கால்சியம் 11.3ன்னு கோடு போட்டு இருக்கு, ஒருத்தரும் பாக்கல, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், சவத்த விடுங்க. நீங்க ரெண்டு வருஷத்துக்கு முந்தின ரிப்போர்ட் இருந்தா தேடிப் பாருங்க தம்பி.

கழுத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்டு, அப்புறம் செஸ்டமிபின்னு ஒரு ஸ்கேன், கைல ஊசி போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு படம், மறுபடி ரெண்டு மணி நேரம் கழிச்சு படம், கெட்டுப் போன சுரப்பி மட்டும் வெளிச்சமா நிக்கும். நான் மதுரைல எடுத்தேன். ஆப்பரேஷன் சின்னதுதான், கழுத்துல ரெண்டு விரல்கடை வெட்டு, இப்ப தாலிச்சரடுக்குள்ள மறைஞ்சிருச்சு. புளியங்கொட்டை அளவு இருந்துச்சாம் எடுத்தது. எடுத்த பத்து நிமிஷத்துல அங்கனயே ரத்தம் எடுத்து பிடிஎச் பாக்காவ, அது ரத்தத்துல சில நிமிஷத்துலயே பாதியா கொறஞ்சிரும், பாதிக்குக் கீழ எறங்கிட்டா சரியான சுரப்பியத்தான் எடுத்திருக்கோம்னு தையல் போடுவாவ.

பொறவுதான் கூத்து. ரெண்டாம் நாள் உதட்டச் சுத்தி மதமதன்னு எறும்பு ஊருது, விரல் எல்லாம் இழுக்கு. இத்தன நாள் பறிகுடுத்த எலும்பு பசியோட கால்சியத்த அள்ளி உள்ள போட்டுக்கிடுமாம், ரத்தத்துல கொறஞ்சிரும். அதுவரைக்கும் கூடிப்போச்சுன்னு பயந்த ஆளுக்கு இப்ப கை நெறைய கால்சியம் மாத்திரை! எங்க மாமியா "இந்த டாக்டர்மாருக்கு என்ன வேணும்னே தெரியல"ன்னாவ. ரெண்டு மாசத்துல எல்லாம் நின்னுச்சு. உங்கம்மைக்கும் டி 14ன்னா இது வரலாம், பயப்படாதிய, டாக்டர்ட்ட மொதல்லயே கேட்டு வச்சுக்கிடுங்க.

ஏட்டுச்சுரைக்காய்

சும்மா ஒரு தகவல், இந்தப் பாராதைராய்ட மொதல்ல கண்டுபிடிச்சது மனுஷன் கழுத்துல இல்ல, நம்ம நாட்டு ஒத்தக்கொம்பு காண்டாமிருகத்துல. லண்டன் மிருகக்காட்சி சாலைல செத்துப் போனத ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பாத்து எழுதுனாரு. மனுஷன் கிட்ட பாத்து பேர் வச்சது 1880ல, ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்து மாணவர் சான்ஸ்ட்ரோம். அதை எடுத்து சொகமாக்குன மொதல் ஆப்பரேஷன் 1925ல வியன்னால, மாண்டல்ங்கவரு, ஒரு டிராம் வண்டித் தொழிலாளிக்கு. அதுக்கு முன்னாடி எலும்பு நோயாளிக்கு அந்தச் சுரப்பி பத்தாதுன்னு நெனச்சு வெளில இருந்து வாங்கி வச்சுல்லா தச்சாவ! அந்த டிராம்காரருக்கும் மொதல்ல அதைத்தான் செஞ்சு பாத்தாவ, வேலைக்காவலன்னதும்தான் கழுத்த தெறந்து கட்டிய எடுத்தாவ. அனுபவஸ்தன் அண்ணாச்சி மட்டும் இல்ல, பெரிய பெரிய ஆளுகளே தலைகீழாத்தான் ஆரம்பிச்சிருக்காவ.

அனுபவஸ்தன்

என்னைய ஏன்வே இழுக்கீரு. நான் பூண்டத் தான சொன்னேன்.

முக்கூடல்காரன்

பத்து நாள் கழிச்சு எழுதுதேன், மன்னிச்சிருங்க. நேத்தைக்கு ஹார்மோன் டாக்டர பாத்துட்டு வந்தோம். தென்காசி அக்கா சொன்ன மாதிரி பரண்ல இருந்த பழைய ஃபைல எடுத்துப் பாத்தேன், கல்லு வந்தப்ப எடுத்ததுல கால்சியம் 11.1. பக்கத்துல ஒரு அம்புக்குறி வேற மேல பாத்து போட்டிருக்கு. அந்த ரிப்போர்ட்ட நான்தான் கைல வாங்குனேன், நான்தான் மடிச்சு வச்சேன். யாரைச் சொல்ல.

பிரஷர் மாத்திரைல எச் இருந்துச்சு, மாத்திட்டாவ. கால்சியம் மாத்திரை கட். தண்ணி நாளைக்கு ரெண்டரை லிட்டராவது உள்ள போகணும்னு சொன்னாவ. ஆப்பரேஷன் பண்ணணும்தான், ஆனா கால்ல கட்டி வந்த புதுசுல மொத மூணு மாசம் ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரைய நிறுத்துறது ஆபத்து, அவசரம் இல்லாத ஆப்பரேஷன அதுக்குப் பொறவுதான் வைக்கணும்னாவ. அதுவரைக்கும் கால்சியம் ரொம்ப ஏறுனா கொறைக்க சினகால்செட்னு மாத்திரை இருக்காம், இப்பத்திக்கு தேவை இல்ல, 14க்கு மேல போனா மட்டும் அட்மிஷன்னாவ. எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எழுதியிருக்காவ, இடுப்பு, முதுகு மட்டும் இல்லாம முன்னங்கையவும் சேத்து எடுக்கணுமாம், இந்த நோய் அங்கதான் மொதல்ல அரிக்குமாம். சுண்ணாம்பு காரணம் இல்லன்னு டாக்டர் சொன்னதும் அம்மைக்கு ஒரே சந்தோசம், ஆச்சி மூஞ்சில கரி. ஆனா பொயிலைய விடச் சொல்லிட்டாவ, அதுக்கு அம்மை பதிலே சொல்லல.

இப்ப பிரச்சனை என்னன்னா 24 மணி நேர மூத்திரம் பிடிச்சுக் குடுக்கணுமாம், குடும்ப வழியா வர்ற வேற ஒரு கால்சியக் கூடுதல் இருக்கு, அது ஆப்பரேஷனுக்கு கேக்காது, அதுவா இதுவான்னு பிரிச்சுப் பாக்கவாம். ஒரு கேன் குடுத்திருக்காவ. அம்மை அதைப் பாத்ததுல இருந்து மாட்டவே மாட்டேங்கா, வீட்டுல மருமக இருக்கா, நான் எப்படி இதை வச்சுக்கிட்டு திரியன்னு ஒரே அழுகை. அப்புறம் திங்கக்கிழமைல இருந்து பீடி சுத்தலாமான்னு என்னைய நச்சரிக்கா, டாக்டர்ட்ட கேக்க மறந்துட்டேன்.

லேப் அண்ணாச்சி

கேன நீங்க கழுவிறாதிய, அதைத்தான் மொதல்ல சொல்லணும்! உள்ள அடில கொஞ்சம் ஆசிட் இருக்கும், கால்சியம் படியாம கரைஞ்சு நிக்கிறதுக்காகப் போட்டது. பாதிப் பேரு புது கேன்தானன்னு வெந்நி ஊத்தி அலசி கொண்டாந்துருதாவ, மாதம் ரெண்டு கேசாவது எனக்கு இப்படி வருது. அதுல நேரா இருக்கவும் கூடாது, தெறிச்சா சுட்டுரும், வேற ஒரு பழைய செம்புல பிடிச்சு பைய ஊத்தணும். காலைல எந்திரிச்சதும் போற மொத ஒண்ணுக்க வெளிய விட்டுரணும், அந்த மணிய குறிச்சு வச்சுக்கிடுங்க, அதுக்குப் பொறவு போறது எல்லாம் கேன்ல, மறுநா காலைல அதே மணிக்கு மொதல்ல போறதையும் சேத்து முடிக்கணும். நடுவுல ஒரு தடவ விட்டாலும் கணக்கு தப்பு, ஒளிக்காம சொல்லச் சொல்லுங்க.

பாபநாசத்து அக்கா

ஞாயித்துக்கிழமை பிடிக்கச் சொல்லு தம்பி, மருமகள பிள்ளைகளோட அவ அம்மை வீட்டுக்கு ஒரு நாள் அனுப்பி விடு, கேன துணிப்பைக்குள்ள வச்சு குளிக்கிற ரூம்ல மூலைல வச்சிரு, யாருக்கும் தெரியாது. நீயும் கொஞ்சம் வெளிய போயிரு. பீடிக்கு டாக்டர்ட்ட போன் போட்டு கேட்டுரு. விட்டாவன்னாலும் கால மடக்காம பலகை போட்டு உக்காரணும், ஒரு கட்டு முடிஞ்சா எந்திரிச்சு அடுப்படி வரைக்கும் போய் ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வரணும். முந்தி மாதிரி கணக்கு வராதுதான், கடைக்காரர்ட்ட நீயே போய் சொல்லிரு, அவ சொல்ல மாட்டா.

முக்கூடல்காரன்

சரிக்கா. அம்மை கேன ஏற்கனவே கழுவிட்டா போல, மைனி இப்பதான் சொல்லுதாவ. நாளைக்கு புதுசு வாங்கிட்டு வாரேன்.